குழந்தையின் கல்லீரல் மாற்று: 3டி மாதிரிக்குப் பணம் கட்டுவதா, வேண்டாமா?

கொங்குப் பகுதியிலிருந்து 27 வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அவர் கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறோம்.

அவருடைய எட்டு மாதப் பெண் குழந்தைக்குப் பிறவியிலேயே பித்தநாள அடைப்பு, அதாவது பிலியரி அட்ரீசியா. 82-வது நாளில், பித்தம் வடியக் குடலைக் கல்லீரலோடு இணைக்கும் ‘கசாய்’ அறுவை சிகிச்சை செய்தும் மஞ்சள் காமாலை குறையவில்லை. இப்போது எடை 6.2 கிலோ, வயிற்றில் நீர் கோர்த்திருக்கிறது. கல்லீரல் மாற்று ஒன்றே வழி என்று இரண்டு மருத்துவமனைகளிலும் சொல்லிவிட்டார்கள். குழந்தையின் ரத்தப் பிரிவு பி பாசிட்டிவ். கணவருக்கு வயது 32, அதே பிரிவு. தரவேண்டிய இடதுபுறப் பகுதியின் கொள்ளளவு சி.டி. ஸ்கேனில் 290 மி.லி. வாசகி ஓ பாசிட்டிவ். அவருடையது 235 மி.லி. முதல் மருத்துவமனையில், கணவரின் கல்லீரலையும் குழந்தையின் வயிற்றறையையும் 3டி பிரிண்ட் எடுத்து ஒத்திகை பார்ப்போம், அதற்குத் தனியாக 65,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இரண்டாவது மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மாற்று அறுவை அதிகம் நடக்கிறது. ஆனால், பிரிண்ட் எடுப்பதில்லை, கம்ப்யூட்டரில் பார்த்தால் போதும் என்கிறார்கள். “மாடல் செய்துவிட்டால் ஆபத்தே இல்லை” என்கிறார் கணவர். “பிளாஸ்டிக்கில் ஈரலையே செய்கிறார்களாமே, பிறகு எதற்குத் தானம்?” என்று கேட்கிறார் கொழுந்தனார். “ஆம்பளை ஈரல்தான் பலம், நீ கொடுக்க வேண்டாம்” என்கிறார், தானே தானம் தரவும் முன்வந்திருக்கும் 56 வயது மாமியார். எதை நம்புவது, எங்கே சேர்ப்பது என்பது வாசகியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய அளவுகளில்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது. அதனால் முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

பெரியவர்களுக்குக் கல்லீரல் மாற்றும்போது, கிடைக்கும் பகுதி போதுமா என்பதுதான் கவலை. கைக்குழந்தைகளுக்கோ கவலை நேர்மாறானது: அந்தப் பகுதி பெரிதாகிவிடுமோ என்று பார்க்க வேண்டும். தரப்படும் கல்லீரலின் எடையைக் குழந்தையின் எடையோடு ஒப்பிட்டு ஒரு விழுக்காடு போடுவோம். ஜி.ஆர்.டபிள்யூ.ஆர். என்று உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அதுதான். பெரியவர்களுக்கு அது 0.8-க்குக் கீழே போகாமல் பார்ப்பது வழக்கம். குழந்தைகளுக்கு 4-க்கு மேல் போனால் எச்சரிக்கை. ஒரு மி.லி.யை ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கணவருடையது 6.2 கிலோவுக்கு 4.7 வருகிறது. உங்களுடையது 3.8.

இதில் இரண்டு திருத்தங்கள் உண்டு. குழந்தையின் 6.2 கிலோவில் வயிற்று நீரின் எடையும் சேர்ந்திருக்கிறது. நீர் அரை கிலோ என்று வைத்துக்கொண்டால் உண்மையான எடை 5.7 கிலோ, அப்போது கணவரின் விழுக்காடு 5.1 ஆகிவிடும், உங்களுடையது 4.1. இன்னொரு பக்கம், சி.டி.யில் தெரியும் கொள்ளளவில் ரத்தமும் அடங்கும். வெட்டி எடுத்துக் கழுவிய பிறகு எடை குறையும். ஏறக்குறைய பத்து விழுக்காடு குறைத்துப் பார்ப்பது நல்லது. அப்படிக் கழித்தாலும் கணவருடையது 4.6-க்கு அருகில் நிற்கிறது, உங்களுடையது 3.7. உங்கள் மருத்துவர் எந்த எடையை வைத்து, எந்தக் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போட்டார் என்று கேளுங்கள்.

உங்கள் மாமியார் அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் கல்லீரலில் ஆண், பெண் என்று பலம் பார்ப்பதில்லை. ஆறு கிலோக் குழந்தைக்குச் சிறிய பகுதியே பெரும்பாலும் பொருத்தம். ஓ பிரிவு ரத்தம் உள்ளவர் பி பிரிவுக் குழந்தைக்குத் தரலாம். ஆகவே கொடையாளராக நீங்களும் முழுப் பரிசோதனை செய்துகொள்ளத் தகுதியானவர்தான். ஒரு பேச்சில் உங்களை ஒதுக்கிவிட வேண்டாம் என்று இரண்டு மருத்துவமனைகளிலும் கேளுங்கள்.

பெரிதானால் என்ன ஆகும்?

வயிற்றை மூடும்போது புதிய கல்லீரல் அழுந்தும். முதலில், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் ஓட்டம் குறையும், அதில் ரத்தம் உறையலாம். கல்லீரல் தமனி நசுங்கினால் பித்தநாளம் அழுகத் தொடங்கும். மறுபடி ஒரு மாற்று அறுவை வரை போகக்கூடும். உதரவிதானம் மேலே தள்ளப்படுவதால் வென்டிலேட்டரிலிருந்து குழந்தையை எடுக்கவும் தாமதமாகும். இந்தச் சிக்கல் எதிர்பாராமல் வந்தால் வயிற்றை உடனே மூடாமல் தற்காலிக உறை போட்டு, சில நாள் கழித்து மூடுவார்கள். முன்கூட்டியே தெரிந்தால், கொடையாளரிடமிருந்து எடுக்கும் இடதுபுறப் பகுதியை இன்னும் குறைத்து, சில சமயம் ஒரே ஒரு துண்டமாகச் செதுக்கி வைப்பார்கள். அப்படிக் குறைக்கும்போது வெட்டுப்பரப்பு கூடும், பித்தம் கசியும் வாய்ப்பும் கூடும். எங்கே வெட்டினால் எந்தக் குழாய் அறுபடும் என்பதை முன்னாலேயே பார்த்து முடிவு செய்வதுதான் நல்லது.

3டி மாதிரியின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான். விழுக்காடு எடையை மட்டும் சொல்லும், தடிமனைச் சொல்லாது. 250 கிராம் கல்லீரல் ஒருவருக்குத் தட்டையாகவும் இன்னொருவருக்கு உருண்டையாகவும் இருக்கும். குழந்தையின் முதுகெலும்பிலிருந்து முன் வயிற்றுச் சுவர் வரை எத்தனை சென்டிமீட்டர், வைக்கப்போகும் பகுதியின் தடிமன் எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் மூட முடியுமா என்று தீர்மானிக்கிறது. கொடையாளரின் பகுதியையும் குழந்தையின் வயிற்றறையையும் முழு அளவில் அச்சிட்டால், ஒன்றை இன்னொன்றுக்குள் வைத்து, எந்த விளிம்பு இடிக்கிறது, போர்ட்டல் சிரை எந்தக் கோணத்தில் வந்து சேரும் என்று கையில் பிடித்துப் பார்க்கலாம். லண்டனில் 2015 நவம்பரில் ஒரு தந்தையின் சிறுநீரகத்தைச் சிறு மகளுக்கு மாற்றியபோது, கைஸ் மருத்துவமனைக் குழு சிறுநீரகத்தையும் குழந்தையின் வயிற்றையும் அச்சிட்டுத் திட்டமிட்டது இதே காரணத்துக்காக: பெரியவரின் உறுப்பு, சின்ன இடம்.

மாதிரி எப்படி வருகிறது, எங்கே தவறுகிறது

கொழுந்தனாரின் கேள்விக்கு முதலில் பதில். அச்சிடப்படுவது பிசினோ பிளாஸ்டிக்கோதான். அதில் உயிரணு இல்லை, ரத்தம் ஓடாது. உடலில் பொருத்தி வேலை செய்யக்கூடிய அச்சிட்ட கல்லீரல் இன்று எந்த மருத்துவமனையிலும் இல்லை. ஆய்வகத்தில் திசுத் துண்டுகளை வளர்க்கும் முயற்சி வேறு. அதற்காகக் காத்திருக்க உங்கள் மகளுக்கு நேரமில்லை.

வேலை இப்படி நடக்கும். மருந்து செலுத்தி எடுத்த சி.டி.யின் படலங்கள் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான தடிமனில் இருக்க வேண்டும். தமனி, போர்ட்டல் சிரை, கல்லீரல் சிரை மூன்றும் தெளிவாகத் தெரிய, வெவ்வேறு நேரங்களில் எடுத்த மூன்று தொகுப்புகள் தேவை. ரேடியாலஜி மருத்துவரோ பயிற்சி பெற்ற பொறியாளரோ ஒவ்வொரு படலத்திலும் எது கல்லீரல், எது குழாய் என்று எல்லை வரைந்து பிரிப்பார். அதன்பின் திரையில் வெட்டுக்கோடு போட்டுக் கொள்ளளவு பார்ப்பார்கள். கடைசியில்தான் பிரிண்டர். எல்லாமாகச் சேர்த்துச் சில நாள் பிடிக்கும். பிரிண்டர் மட்டுமே ஒரு முழுநாள் ஓடலாம்.

தவறு நுழையும் வழிகள் பல. தமனிப் படம் எடுத்தபோது இழுத்த மூச்சும் சிரைப் படம் எடுத்தபோது இழுத்த மூச்சும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் சரியாகப் பொருத்தாமல் அச்சிட்டால் தமனி சில மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். மேற்பரப்பை வழவழப்பாக்கும் கட்டளை நுண்ணிய கிளைகளை அழித்துவிடும். மெல்லிய குழாய் அச்சில் ஒடிந்துபோகும் என்று வேண்டுமென்றே தடிப்பாக்குவதும் உண்டு. அப்போது மாதிரியில் தெரியும் தமனி உண்மையைவிடப் பெரிது. பித்தநாளம் இதில் எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது. நல்ல உடல்நிலையில் உள்ள கொடையாளரின் பித்தநாளம் சி.டி.யில் சரியாகத் தெரியாது, பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகையான எம்.ஆர்.சி.பி. படத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். பல மாதிரிகளில் அது இருக்கவே இருக்காது. மாதிரியில் இல்லாததால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் எம்.ஆர்.சி.பி.யில் இடதுபுறப் பகுதியில் அடங்கும் இரண்டாம், மூன்றாம் துண்டங்களின் பித்தநாளங்கள் தனித்தனியே திறப்பதாக எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அது உங்களை ஒதுக்கும் காரணமல்ல; குழந்தையின் குடலில் இரண்டு இணைப்பு போட வேண்டிவரலாம் என்று பொருள். அறுவையின்போது எடுக்கும் பித்தநாள எக்ஸ்ரேதான் அதில் இறுதி வார்த்தை.

அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் 2013-ல் மூன்று கொடையாளர்-நோயாளி இணைகளுக்கு ஆறு கல்லீரல்களை அச்சிட்டு, அறுவையில் வெளியே எடுத்த கல்லீரலோடு ஒப்பிட்டு வெளியிட்டது. மொத்த அளவில் சராசரி வித்தியாசம் 4 மில்லிமீட்டருக்குள், ரத்தக்குழாய் விட்டத்தில் 1.3 மில்லிமீட்டருக்குள் இருந்தது. பெரியவரின் கல்லீரலுக்கு இது மிக நல்ல துல்லியம். ஆனால் உங்கள் குழந்தையின் கல்லீரல் தமனியின் விட்டமே சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். அங்கே 1.3 என்பது சின்ன வித்தியாசமல்ல. எனவே, இடம் போதுமா, எங்கே வெட்டுவது என்ற கேள்விகளுக்கு மாதிரியை நம்பலாம். தமனியைத் தைப்பதற்கு, மைக்ரோஸ்கோப் அல்லது பெரிதாக்கும் லூப் வழியாகப் பார்த்துத் தைக்கும் கையைத்தான் நம்ப வேண்டும்.

இன்னும் ஒன்றை அவசியம் கேளுங்கள்: அச்சு முழு அளவிலா? செலவைக் குறைக்க நீளம், அகலம், உயரம் மூன்றையும் 70 விழுக்காடாகச் சுருக்கி அச்சிடுவது உண்டு. பார்வைக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும்; கொள்ளளவோ மூன்றில் ஒரு பங்காகிவிடும். குழாய்களின் போக்கைப் புரிந்துகொள்ள அது போதும். வயிற்றில் அடங்குமா என்று பார்க்க உதவவே உதவாது. கொடையாளரின் கல்லீரல் மட்டும் அச்சிட்டு, குழந்தையின் வயிற்றறையை விட்டுவிட்டாலும் அதே கதைதான். 65,000 ரூபாய்க்கு என்னென்ன அச்சிடப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பிசின் கல்லீரல் அமுங்காது, உண்மையான கல்லீரல் ஓரளவு அமுங்கும். நீர் வடிந்த பின் வயிற்றுச் சுவரும் ஓரளவு விட்டுக்கொடுக்கும். கசாய் அறுவைக்குப் பின் குடலும் கல்லீரலும் ஒட்டிக்கிடக்கும் பிசுக்கு எந்த மாதிரியிலும் வராது, பழைய கல்லீரலை எடுக்கும் பல மணி நேரத்தில் ரத்தச் சேதம் அங்கிருந்துதான். பிலியரி அட்ரீசியா குழந்தைகளில் போர்ட்டல் சிரை சுருங்கி 4 மில்லிமீட்டருக்கும் கீழே இருப்பது உண்டு. அதில் ரத்தம் எவ்வளவு, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை டாப்ளர் ஸ்கேன்தான் சொல்லும். உங்கள் கணவர் “ஆபத்தே இல்லை” என்று நம்புவதற்கு இங்கே இடமில்லை என்பதை அவரிடம் மென்மையாகச் சொல்லுங்கள். இந்தியாவில் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று 1998 நவம்பரில் டெல்லியில் நடந்தது. தமிழ்நாட்டுக் குழந்தை, இதே நோய், தந்தை தந்த பகுதி. அப்போது அச்சு மாதிரி எதுவும் கிடையாது.

இரண்டு மருத்துவமனைகளில் எது?

மாதிரியை வைத்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குழுவை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பத்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஆண்டுக்கு எத்தனை மாற்று செய்கிறார்கள், அவர்களில் ஓராண்டு கடந்தவர்கள் எத்தனை பேர், தமனி எத்தனை பேருக்கு அடைத்தது, தமனியைத் தைப்பவர் யார், குழந்தைகளுக்கென்றே தனி ஐ.சி.யூ. உண்டா, ராத்திரி இரண்டு மணிக்கு டாப்ளர் பார்க்க ஆள் இருக்கிறாரா? இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் எண்களில் பதில் சொல்லும் இடத்துக்கு என் ஓட்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், குழந்தைகளில் அனுபவம் கூடிய இரண்டாவது மருத்துவமனை பக்கம்தான் சாய்கிறேன்.

அதே நேரம் உங்கள் மகளின் விழுக்காடு எல்லைக்கோட்டில் நிற்கிறது. கணவரே கொடையாளர் என்று முடிவானால், “கம்ப்யூட்டரில் பார்த்தால் போதும்” என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். திரையில் வெட்டுக்கோடு போட்டுப் பார்த்தார்களா, பகுதியின் தடிமன் எவ்வளவு, குழந்தையின் வயிற்றறையின் முன்பின் அளவு எவ்வளவு, குறைக்க நேர்ந்தால் எந்தத் துண்டத்தை எடுப்பார்கள், மூட முடியாவிட்டால் என்ன திட்டம் என்று கேளுங்கள். இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் பிளாஸ்டிக் மாதிரி இல்லாதது குறையே அல்ல. பதிலில் தயக்கம் இருந்தால் மாதிரி வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வெளியே அச்சிட்டுத் தரும் நிறுவனங்களிடம் அவர்களே கொடுத்து வாங்க முடியும். நீங்களே கொடையாளராகி விழுக்காடு நாலுக்குக் கீழே, தடிமனும் குறைவு என்று தெரிந்தால், அந்த 65,000 ரூபாயை அறுவைக்குப் பிந்தைய மருந்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். உடல் புதிய கல்லீரலை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் மாதாமாதம் வரும் செலவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கல்லீரல் மாற்றுக்கு அதில் உதவி உண்டு. மாதிரிக்கான தொகை அதில் அடங்குமா என்று காப்பீட்டு மேசையில் முன்பே கேட்டுவிடுங்கள்.

எங்கே சேர்த்தாலும் ஃபிலிமை மட்டும் வாங்கி வராதீர்கள். டைகாம் என்ற கணினிக் கோப்பு வடிவில், மெல்லிய படலங்களோடு முழுத் தொகுப்பையும் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். ஐந்து மில்லிமீட்டர் படலங்களை மட்டும் பதிந்து கொடுத்தால் அதிலிருந்து மாதிரியும் வராது, நம்பகமான கணக்கும் வராது. குழந்தையை மறுபடி ஸ்கேனில் படுக்கவைத்து, மறுபடி கதிரும் மருந்தும் ஏற்ற வேண்டிவரும். ஸ்கேனுக்கும் அறுவைக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி விழுந்து, நீர் கூடிக் குறைந்து, எடை மாறியிருந்தால் குழந்தையின் பழைய அளவு செல்லாது. மாதிரி வரவில்லை என்பதற்காக அறுவைத் தேதியைத் தள்ளிப்போடவும் கூடாது.

கொடையாளராக உங்கள் உரிமையும் உடல்நலமும்

1994-ம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி தாய், தந்தை இருவரும் நெருங்கிய உறவினர். 2011 திருத்தத்துக்குப் பின் தாத்தா, பாட்டியும் அதில் சேர்க்கப்பட்டார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், திருமணச் சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ஆவணத்தில் குறை இருந்தால் மரபணுப் பரிசோதனை கேட்பார்கள். உங்களைத் தனியாக உட்காரவைத்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லையே என்று கேட்பார்கள். மனதில் இருப்பதை அங்கே சொல்லுங்கள். மயக்க மருந்து ஏறும் வரை எந்த நேரத்திலும் நீங்களோ கணவரோ மறுக்கலாம்.

இடதுபுறப் பகுதி என்பது மொத்தக் கல்லீரலில் 15 முதல் 20 விழுக்காடு. எடுத்த துண்டு அப்படியே திரும்ப முளைக்காது; மீதியிருப்பது பெருத்து வேலையை ஈடுசெய்யும். இந்த வகை தானத்தில் கொடையாளர் உயிரிழக்கும் வாய்ப்பு பொதுவாக ஆயிரத்தில் ஒன்று என்று சொல்லப்படுகிறது. மிகக் குறைவுதான், பூஜ்ஜியம் அல்ல. பித்தக் கசிவு, தழும்பில் குடலிறக்கம் போன்றவை அதைவிட அதிகம். கருத்தடை மாத்திரை எடுத்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையாக இருந்தால் ரத்தம் உறையாமல் இருக்க அறுவைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அறுவைக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது, ஆறு கிலோ மகளும் அதில் சேர்த்தி. நீங்கள் கொடுப்பதானால் அந்த நாட்களில் குழந்தையைத் தூக்க, மருந்து கொடுக்க, ஆஸ்பத்திரியில் உடனிருக்க இன்னொரு ஆள் வேண்டும். தானம் தர முன்வந்த மாமியாருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். 56 வயதில் கொடையாளராக அவரைப் பல மையங்கள் ஏற்கத் தயங்கும். இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இந்த வாரமே செய்ய வேண்டியது

அறுவைக்கு இன்னும் ஐந்து வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி உயிருள்ள கிருமித் தடுப்பூசி. மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்கிவிட்டால் அதைப் பொதுவாகப் போடுவதில்லை. முன்னால் போடுவதென்றால் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும். மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததுமே போடலாம். ஒன்பது மாதம் ஆகட்டும் என்று காத்திருந்தால் உங்களுக்கு அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். நாளைக்கே உங்கள் குழந்தை மருத்துவரிடம், மாற்று அறுவைத் தேதியைச் சொல்லி இதைக் கேளுங்கள். எளிதில் செரிக்கும் எம்.சி.டி. கொழுப்பு சேர்த்த பால், தேவைப்பட்டால் மூக்குக் குழாய் வழியாக உணவு என்று எடையேற்றும் வழிகளையும் அவரிடமே பேசுங்கள். நீரில்லாத எடை அரை கிலோ கூடினால்கூட மேலே போட்ட கணக்கு உங்கள் பக்கம் நகரும். இதற்கிடையே காய்ச்சலோடு மலம் வெளிறிப்போனாலோ, வாந்தியில் அல்லது மலத்தில் ரத்தம் வந்தாலோ, காலைவரை பொறுக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.